விரதத்திலும் நிற்காத தண்ணீர்

"என்ன சாப்பிட்டே?"

நோயுற்றிருந்த மாதங்களில் என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. மருத்துவர் கேட்டார். மருந்துக்கடைக்காரர் கேட்டார். அத்தை கேட்டார். திருச்செங்கோட்டுப் பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருந்த, முன்பின் அறியாத அம்மாள் ஒருவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். கேள்வி எளியதுதான். ஆனால் கேட்டவர்கள் எவரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எதையோ தின்றிருக்கிறாள், அதை அனுபவிக்கிறாள் என்ற தீர்ப்பு அவர்களிடம் முன்பே தயாராக இருந்தது. நலமடைந்து வீடு திரும்பிய பிறகும் அந்தத் தீர்ப்பின் மேல் எனக்குள்ள கோபம் ஆறவில்லை. ஆறிவிடுவதற்கு முன் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வெளியே தெரிந்த வரையில் என் நோயின் பெயர் வயிற்றுப்போக்கு. இந்தச் சொல்லை எழுதக் கை கூசுகிறது. வீட்டிலும் நாங்கள் 'வயிறு சரியில்லை' என்று மட்டுமே சொல்லிக்கொள்வோம். அந்தக் கூச்சத்தின் மறைவில்தான் நோய் இத்தனை காலம் வளர்ந்தது என்பதால், இங்கே சொல்லை மாற்றாமலே எழுதுகிறேன்.

ஆடியில், காவிரியில் புதுத்தண்ணீர் வந்த சமயத்தில் அது தொடங்கியது. எங்கள் குமாரபாளையத்தில் அந்த நாட்களில் யாருக்கு வயிறு கலங்கினாலும் புதுத்தண்ணீரின் மேல் பழியைப் போட்டுவிடுவார்கள். அப்பாவும் அப்படித்தான் சொன்னார். எங்களுக்குச் சொந்தமாகச் சில விசைத்தறிகள் உண்டு, துண்டு நெய்கிறோம். தறிக்கூடத்தில் வேலை செய்பவர்களில் இரண்டொருவருக்கும் அப்போது கலங்கியிருந்தது. அவர்களுக்குச் சரியாகிவிட்டது. எனக்கு ஆகவில்லை.

என்னிடமிருந்து போனது வெறும் தண்ணீர். வெளிறிய தேநீரின் நிறம், நாற்றமில்லை, வலியுமில்லை. வலி இல்லாததே எனக்கு எதிரான சாட்சியாயிற்று. வலியில் துடிக்காத ஒருத்தியை யார் நம்புவார்கள்? காலையில் போனது, வகுப்பின் நடுவில் போனது, தூக்கத்திலிருந்து எழுப்பியும் போனது. கல்லூரிக்குச் செல்லும் வழியில் எந்த நிறுத்தத்தில் கழிப்பறை திறந்திருக்கும், எங்கே பூட்டிக் கிடக்கும் என்பது மனப்பாடமாயிற்று. ஒன்றும் குடிக்காமல் பேருந்து ஏறக் கற்றுக்கொண்டேன். வளையல்கள் முழங்கை வரை ஏறின. மாலையில் கெண்டைக்கால் தசை கல்லாக இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் தெருவாசிகள் எல்லோரும் போகிற மருத்துவரிடம் அம்மா அழைத்துச் சென்றார். கைராசிக்காரர் என்று பெயரெடுத்தவர். சிறு வயதில் எனக்கு வந்த காய்ச்சல்களை எல்லாம் அவர்தான் விரட்டினார். அவரைக் கொடியவராகக் காட்டுவது என் நோக்கமில்லை. அவருடைய வேகத்தை மட்டும் சொல்ல வேண்டும்.

"என்ன சாப்பிட்டேம்மா?"

"வீட்டுச் சாப்பாடுதாங்க டாக்டர். வெளியில எதுவும் சாப்பிடறதில்லீங்க."

"பானிபூரி?"

"இல்லீங்க."

"எல்லாப் புள்ளைங்களும் இல்லீங்கன்னுதான் சொல்லுதுங்க. பானிபூரிக்காரன் மட்டும் எப்படியோ வண்டி மேல வண்டியா வாங்கிட்டிருக்கான்."

ஊசி போடும் அக்கா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"என்ன படிக்கிறே?"

"எம்.ஏ. தமிழுங்க."

"தமிழா? அதுல படிக்கிறதுக்கு என்ன இருக்குது?" என்றவர், அம்மாவின் பக்கம் திரும்பினார். "ஒண்ணும் பயப்படாதீங்க. செமஸ்டர் டென்ஷன். பொம்பளப் புள்ளைங்களுக்கு டென்ஷன்னா முதல்ல வயித்தத்தான் புடிக்கும்."

படிப்பதற்கு ஒன்றுமில்லாத படிப்பு ஒருத்தியின் குடலை எப்படிக் கலக்கும் என்பதை அவர் விளக்கவில்லை. மன அமைதிக்கு ஒரு மாத்திரையும் குடல் அசைவைக் குறைக்க ஒன்றும் எழுதிக் கொடுத்தார். முதலாவது தூக்கத்தைத் தந்தது. அந்தத் தூக்கத்திலிருந்தும் எழுந்து ஓட வேண்டியிருந்தது என்பதுதான் மிச்சம்.

அப்பாவின் தங்கையான என் அத்தைக்கு மருந்தே தேவைப்படவில்லை. "புஸ்தகத்த மூடி வெச்சுட்டு ஒரு கல்யாணத்தப் பண்ணி வையுங்க அண்ணி. எல்லாம் தன்னால நின்னுக்கும்."

"உனக்குக் கல்யாணத்துக்கு அப்பறந்தான வயித்துல கேஸ் புடிச்சுது?" என்றார் அம்மா.

அம்மாவின் வாய்க்கு அத்தை அஞ்சுவார். ஆனால் அதே அம்மா, மருத்துவர் முன்னால் முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவர் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'சரிங்க' சொல்வார். படித்தவர் சொல்கிறார் என்ற மரியாதை. அந்த மரியாதை என் உயிருக்கு உலை வைக்கும் என்று எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது.

ஐப்பசி வந்தது. அம்மா கந்த சஷ்டிக்கு வேண்டிக்கொண்டார்.

"உப்பில்லா விரதம் இருக்கறேன்னு முருகங்கிட்டச் சொல்லீட்டேன் சாமி. நீயும் கூட இரு. சூரசம்ஹாரத்தன்னிக்குத் திருச்செங்கோட்டு மலைக்குப் படியேறி வந்துரலாம். அதோட உன்ற வயிறு சரியாயிரோணும்."

உப்பில்லா விரதம் எங்கள் பக்கத்தில் புதிதன்று. நாக்கைக் கட்டுகிறவர்களுக்கு மனம் தானே கட்டுப்படும் என்பது அதன் கருத்து. போதாக்குறைக்கு, வயிற்றுப்போக்குக்கும் உப்பு ஆகாது என்று அத்தை எங்கிருந்தோ கேட்டு வந்திருந்தார். ஆகவே பக்தியும் பத்தியமும் ஒரே கிண்ணத்தில் வந்து சேர்ந்தன: உப்பிடாத ஜவ்வரிசிக் கஞ்சி. சேலத்து ஜவ்வரிசி எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். யாருக்கு வயிறு போனாலும் அதில் கஞ்சி காய்ச்சி, ஒரு கல் உப்புப் போட்டு ஆற்றிக் கொடுப்பார்கள். அந்த ஒரு கல் உப்பு மட்டும் இந்த முறை விலக்கப்பட்டது. முதல் நாளும் நடுவில் இன்னொரு நாளும் கஞ்சிகூட இல்லை. துளசி போட்ட தண்ணீர் மட்டும்.

அந்தப் பட்டினி நாட்களில்தான் நான் ஒன்றைக் கவனித்தேன். எதுவும் உண்ணவில்லை. ஆனாலும் போனது. அளவும் குறையவில்லை. உள்ளே போகாத ஒன்று எப்படி வெளியே வருகிறது? அது எங்கிருந்து வருகிறது? கழிப்பறைச் சுவரில் சாய்ந்தபடி இந்தக் கேள்வியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உணவிலிருந்து வரவில்லையானால் அது என்னிலிருந்துதான் வர வேண்டும். உடம்பு தன்னையே கரைத்து ஊற்றிக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது.

மறுநாள் மருத்துவரிடம் போனோம். சொல்ல வேண்டியதை வீட்டிலேயே கோத்து வைத்திருந்தேன்.

"டாக்டர், எதுவும் சாப்பிடாத நாள்லயும் நிக்கலீங்க. வெறும் தண்ணி குடிச்சாலும் அதே அளவு போகுதுங்க."

"வெறும் வயித்துல இருந்தா அப்படித்தான் ஆகும். இந்த வயசுல எதுக்கு விரதமெல்லாம்?" என்றார். பிறகு, "அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்று அம்மாவை அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "லவ்வு கிவ்வு ஏதாச்சும் உண்டா? ஒல்லியாகறதுக்கு மாத்திரை போடறியா?"

இரண்டாவது கேள்விக்கு மருத்துவ நியாயம் உண்டு என்று பின்னர் அறிந்தேன். மெலிவதற்காகப் பேதி மாத்திரை விழுங்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் நியாயமான கேள்வியைக் கேட்பவர் பதிலையும் கேட்க வேண்டும். நான் 'இல்லை' என்றேன். அவர் எனக்குப் பின்னாலிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சூரசம்ஹாரத்தன்று மலையேறினோம். பாதியில் என் கால்கள் நின்றுவிட்டன. களைப்பு என்று அதைச் சொல்ல முடியாது. களைத்த காலும் வற்புறுத்தினால் ஓர் அடி எடுத்து வைக்கும். தூக்கு என்று நான் சொன்னது காலுக்குப் போய்ச் சேரவே இல்லை. மடங்கி விழுந்தேன். கழுத்தை நிமிர்த்த முடியவில்லை. சுற்றிலும் கூட்டம் கூடியது.

"சாமி வந்திருக்குதுங்க. புடிக்காதீங்க, உட்ருங்க."

யாரோ நெற்றி நிறையத் திருநீற்றை அள்ளிப் பூசினார்கள். ஒருவர் என் காதருகே குனிந்து, தன் மகளுக்கு வரன் எப்போது அமையும் என்று கேட்டார். வாய் திறக்க முடிந்திருந்தால் எதையாவது சொல்லியிருப்பேன். சாமி வந்திருக்கவில்லை, பொட்டாசியம் போயிருந்தது. தசையும் நரம்பும் இயங்க இரத்தத்தில் இருக்க வேண்டிய உப்புகளில் அதுவும் ஒன்று. மாதக்கணக்கில் அது தண்ணீரோடு தண்ணீராக வெளியேறிக்கொண்டிருந்தது. கால் நிற்பது அதன் முதல் எச்சரிக்கை. அடுத்து நிற்கக்கூடியது இதயம்.

அப்பா கூட்டத்தை விலக்கினார். பாவு நூல் சுற்றிய தறி உருளைகளைத் தூக்கிப் பழகிய தோளில் என்னைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். "சாமி இறங்கட்டுங்க" என்று ஒருவர் வழிமறித்தார். "நான் இறங்கோணும், வழியை உடுங்க" என்றார் அப்பா.

கீழே ஒரு மருத்துவமனையில் இதயத் துடிப்பைத் தாளில் வரைந்து பார்த்த இளம் மருத்துவர், தாளை ஒருமுறையும் என்னை ஒருமுறையும் பார்த்தார். "சேலம் போயிருங்க. இப்பவே" என்று மட்டும் சொன்னார். சங்ககிரி வழியாக ஆம்புலன்ஸ் பறந்தது. இருபுறமும் லாரிகளின் ஒலிப்பான்கள். என் கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்துநீரில் பொட்டாசியம் கலந்திருந்தார்கள். நரம்பு நெடுகத் தீ ஊர்வதுபோல் எரிந்தது. ஆடியிலிருந்து என்னை விட்டுப் போனவற்றில் ஒன்று திரும்பி வரும் எரிச்சல் அது என்று அப்போது எனக்குத் தெரியாது. அம்மா என் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

சேலத்து மருத்துவமனையில் குடல் நோய்ப் பிரிவின் தலைமை மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிறவர். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மருத்துவர் ஒருவர் நான் சொல்வதைக் கேட்பதற்காக என் முன் உட்கார்ந்தது அதுவே முதல் முறை.

"எப்ப இருந்து?"

"ஆடியில இருந்துங்க."

"தூங்கும்போதும் எழுப்புதா?"

"ஆமாங்க."

"சாப்பிடாம இருந்தா நிக்குதா?"

அந்தக் கேள்விக்கான விடையை ஒருவரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்து, அது குப்பையில் விழுந்ததைப் பார்த்திருந்தேன். இப்போது ஒருவர் அதை என்னிடம் கேட்கிறார். "நிக்கலீங்க" என்றேன். "விரதம் இருந்தப்பக்கூட நிக்கலீங்க."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "நல்லாக் கவனிச்சிருக்கே. இதை முதல்லயே யார்கிட்டயாவது சொன்னியாம்மா?"

அம்மா தரையைப் பார்த்தார்.

பொட்டாசியம் ஓரளவு ஏறியதும் மருத்துவர் ஒரு சோதனையைச் சொன்னார். இரண்டு நாள் வாய்வழியாக எதுவும் கூடாது. உப்புநீர் நரம்பு வழியாக ஏறிக்கொண்டே இருக்கும். வெளியேறுவதை எல்லாம் அளப்பார்கள்.

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மறுக்கா விரதமுங்களா?"

"இது வேற விரதம்மா. இதுல உப்பு உண்டு."

வயிற்றுப்போக்கில் இரண்டு வகை உண்டு என்று அவர் விளக்கினார். உண்டது செரிக்காமல் குடலில் தங்கித் தண்ணீரை இழுத்தால் ஒரு வகை. உண்பதை நிறுத்தினால் அது நின்றுவிடும். குடலே தண்ணீரைச் சுரந்து கொட்டினால் இன்னொரு வகை. அதற்கு உணவு வேண்டியதில்லை, பட்டினியிலும் ஓடும். என்னுடையது ஓடியது. சோதித்துப் பார்த்ததில் அது ஏறக்குறைய உப்புநீராகவே இருந்தது. அம்மா முருகனுக்காக என்னை வைத்த பட்டினியே மருத்துவத்தின் சோதனை. உப்பு உள்ள பட்டினியில் நோய் வெளிப்பட்டது. உப்பில்லாத பட்டினியில் நான் செத்திருப்பேன்.

அங்கே எனக்குப் புரியவைக்கப்பட்டதை என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். குடலின் உட்சுவரில் உள்ள ஒவ்வொரு செல்லும் தெருவீடு போன்றது. முன்வாசல் குடலை நோக்கி. பின்வாசல் இரத்தத்தை நோக்கி. பின்வாசலில் ஓர் இறைப்பான் ஓயாமல் சோடியத்தை இரத்தத்துக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அதனால் வீட்டுக்குள் சோடியம் குறைய, முன்வாசல் வழியாகக் குடலிலிருந்து புதிய சோடியம் உள்ளே வருகிறது. தண்ணீர் அதன் பின்னால் வருகிறது. நாம் குடிப்பதும், உமிழ்நீரும், செரிமான நீர்களும் இப்படித்தான் உடம்புக்குத் திரும்புகின்றன. சில வீடுகளில் குளோரைடை வெளியே விடும் வேறொரு முன்வாசல் உண்டு. குடல் வறண்டுவிடாமல் இருக்க அது சற்றே திறந்து மூடிக்கொள்ளும். திறந்து மூடுவதற்கு உடம்பிலிருந்து வரும் செய்திகள் கட்டளையிடுகின்றன.

எனக்குள் எங்கோ ஒரு மூலையிலிருந்து 'திற' என்ற செய்தி மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. குளோரைடு வெளியே போனது. அதைத் தொடர்ந்து சோடியம். சோடியத்தைத் தொடர்ந்து தண்ணீர். பெருங்குடலில் பொட்டாசியமும் சேர்ந்து போனது. இதில் நான் என்ன சாப்பிட்டேன் என்பதற்கு எந்த இடமும் இல்லை. என்ன படித்தேன் என்பதற்கும் இல்லை.

இன்னொன்றையும் மருத்துவர் சொன்னார். அதைக் கேட்டு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். குளோரைடு வாசல் உடைந்து கிடந்தாலும், சர்க்கரையும் உப்பும் கைகோத்து வந்தால் உள்ளே விடும் தனி வாசல் ஒன்று கெடாமல் இருக்கும். கஞ்சியின் மாவு குடலில் சர்க்கரையாக உடைகிறது. அதில் உப்பிருந்தால் இரண்டும் சேர்ந்து, தண்ணீரையும் கூட்டிக்கொண்டு உடம்புக்குள் நுழையும். நோய் தீராது, ஆனால் தாக்குப்பிடிக்கலாம். இரண்டில் ஒன்றில்லாமல் போனால் அந்த வாசல் திறக்காது.

அப்பா, "உப்பு போடாட்டி சாயமே நூல்ல ஏறாது. புள்ளைக்கு எப்புடித் தண்ணி ஏறும்?" என்றார்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கோணும். துண்டு வித்த பொறவு சாயத்தப் பத்திப் பேசுறது" என்று அம்மா சீறினார். சீறியபடியே அழுதார்.

எனக்கு அம்மாவின் மேல் கோபமில்லை. அவர் தானும் உப்பைத் துறந்துதான் என்னையும் துறக்கச் சொன்னார். அந்தப் படிகளை அவரும் ஏறினார். அறியாமல் செய்ததற்கும், அறிந்திருக்க வேண்டியவர் கேட்க மறுத்ததற்கும் ஒரே பெயரை இட நான் தயாராக இல்லை.

செய்தி எங்கிருந்து வருகிறது என்று தேடிய நாட்கள் காத்திருப்பில் கழிந்தன. இரத்தத்தை வேறோர் ஊருக்கு அனுப்பிவிட்டு, முடிவு வருமென்று நாள்தோறும் விசாரித்தோம். குடல் நோயாளிகள் நிறைந்த அந்தக் கூடத்தின் தொலைக்காட்சியில் எப்போதும் சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. வாய்வழி உணவு மறுக்கப்பட்ட நாங்கள் எல்லோரும் யாரோ ஒருவர் பனீரை வதக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நிறுத்தச் சொல்லிக் கேட்டால், ரிமோட் யாரிடம் இருக்கிறதென்று தெரியவில்லை என்றார்கள். உடல்நலமின்மைக்கு அவமானத்தைத் துணை சேர்ப்பதில் மருத்துவமனைகளுக்குத் தனித்திறமை உண்டு. கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. நான் உள்ளே இருக்கும்போதெல்லாம் அப்பா எங்கள் தறித் துண்டு ஒன்றைக் கதவிடுக்கில் செருகி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி வெளியே நிற்பார். ஊரிலிருந்து ஒரு கட்டுத் துண்டு கொண்டுவந்திருந்தார். வார்டில் துடைக்கத் துணியில்லாத எல்லோருக்கும் கொடுத்தார். விலை கேட்டவர்களிடம், "நெசவு கோணலான துண்டுங்க, விக்க முடியாது" என்பார். எடுத்துப் பார்த்தேன். எதிலும் கோணல் இல்லை.

அத்தை சாத்துக்குடியோடு வந்தார். "ஹாஸ்டல் சாப்பாடு இப்படித்தான் குடலை அரிச்சுப்போடும்" என்றார்.

"அவ ஒரு நாளும் ஹாஸ்டல்ல இருந்ததில்லை" என்றார் அம்மா.

"இருக்காமயே இப்படின்னா, இருந்திருந்தா?" என்றார் அத்தை. எனக்கு நோய் வந்த பிறகு முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான்.

ஸ்கேனில் இடம் தெரிந்தது. கணையத்தின் வால்பகுதியில் ஒரு சிறு கட்டி. குடலுக்குச் செய்தி கொண்டுபோகும் ஒரு சுரப்பை அது அளவின்றி உண்டாக்கிக்கொண்டிருந்தது. விட்டால் ஈரலுக்குப் பரவும் இனம், நல்லவேளையாகப் பரவியிருக்கவில்லை. அறுவைச் சிகிச்சைக்கு முன் சுரப்பை அடக்க ஓர் ஊசி போட்டார்கள். மறுநாள் நான் எழவில்லை. எழ வேண்டிய தேவை வரவில்லை. மாதக்கணக்காகக் குளியலறை வாசலில் காவல் நின்று பழகிய அம்மா, பொழுது ஏற ஏறக் கலவரமானார்.

"ஏங்கண்ணு போகல? என்ன பண்ணுது?"

"நின்னுருச்சும்மா."

அவர் நம்பவில்லை. செவிலியரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வைக்கு மேலாக என் காலைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு அமைதியாக என் வயிறு இருந்து எத்தனை காலமாயிற்று என்று எனக்கே நினைவில்லை. என் சொற்களை நம்ப மறுத்தவர்கள் இனி அந்த அமைதியையாவது நம்பத்தான் வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன். அந்த எண்ணத்தில் மகிழ்ச்சியைவிட வன்மம் கூடுதலாக இருந்தது.

கட்டியை அகற்றினார்கள். அதைப் பற்றி எழுத அதிகமில்லை. மயக்கத்தில் இருந்தவளுக்கு என்ன தெரியும்? விழித்தபோது வயிற்றின் குறுக்கே தையலும் மூக்கில் குழாயும் இருந்தன, கதவருகே அப்பா இருந்தார். இனி சில ஆண்டுகள் தவறாமல் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். உணவுக்கு அனுமதி வந்ததும் மருத்துவர் முதலில் சொன்னது கஞ்சி. "உப்புப் போட்டும்மா" என்று என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மாவும் அன்றுதான் தம் இலையில் மறுபடி உப்பு வைத்துக்கொண்டார். சஷ்டி முடிந்த பிறகும் அவர் உப்பைத் தொடவில்லை என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

கதை இத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் கல்லூரியில் வருகைப்பதிவு போதவில்லை. சேலத்து மருத்துவமனைச் சான்று அங்கே சேர்ந்த நாளிலிருந்துதான் செல்லும். அதற்கு முந்தைய மாதங்களுக்கு அப்போது பார்த்த மருத்துவரின் சான்று வேண்டும் என்றார்கள். அது இல்லையென்றால் தேர்வெழுத முடியாது. ஆகவே, தையல் ஆறிய பிறகு, அம்மாவோடு எங்கள் தெரு மருத்துவரிடம் மறுபடியும் போனேன்.

சேலத்துத் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. "அடடா, இது ரொம்ப அபூர்வமான கேஸ். யாராலயும் கண்டுபுடிக்க முடியாது" என்றவர், சான்றிதழை எடுத்தார். "அப்ப எழுதுன மாதிரியே மன அழுத்தம்னு போட்டுத் தந்துடறேன். காலேஜ்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"அது வேண்டாங்க" என்றேன். "அப்போ இருந்ததும் இதே நோய்தாங்க."

"நீயும் அப்பவே தெளிவாச் சொல்லியிருக்கலாமில்ல கண்ணு?"

அபூர்வ நோயைக் கண்டுபிடிக்காததற்காக அவரை நான் குறை சொல்லவில்லை. அதன் பெயர் தெரியாமல் இருப்பது குற்றமில்லை. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தால் போதும். அதற்கு என் ஒரு வாக்கியத்தைக் காதில் வாங்கினால் போதும். "சொன்னேனுங்க" என்றேன். "எதுவும் சாப்பிடாத நாள்லயும் நிக்கலீங்கன்னு சொன்னேன். வெறும் வயித்துல அப்படித்தான் ஆகும்னு சொன்னீங்க."

"நானா? அப்படிச் சொல்லியிருக்க மாட்டனே."

அம்மா முந்தானையைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் செருகினார்.

"சொன்னாளுங்க. நானும் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன், எனக்கும் காதுல உழுந்துச்சு. பெத்தவ நானே அதக் காதுல வாங்கலீங்க. உப்பில்லாமக் கஞ்சி ஊத்தி, என்ற புள்ளைய மலையேத்திக் கொல்லப் பாத்தேன். அது என்ற தப்பு, நான் ஒத்துக்கறேனுங்க. உங்க தப்ப நீங்களும் ஒத்துக்கோங்க. அதுக்குப் பீசு ஒண்ணும் கேக்க மாட்டோம்."

ஊசி போடும் அக்கா இந்த முறை சிரிக்கவில்லை. மருத்துவர் பேனாவைத் திறந்தார். பிறகு சேலத்துத் தாளைப் பார்த்து, எழுத்தெழுத்தாக, நோயின் பெயரைச் சான்றிதழில் எழுதினார். ஒத்துக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை. கையெழுத்திட்டு, நிமிராமலே நீட்டினார்.

நாங்கள் எழுந்ததும் அடுத்தவர் உள்ளே வந்தார். தறிக்கூடத்திலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. என் வயதுதான் இருக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"என்ன சாப்பிட்டேம்மா?" என்றார் மருத்துவர்.

வாசலைத் தாண்டிவிட்டிருந்த அம்மா திரும்பினார்.

"சாப்புடாம இருந்தா நிக்குதான்னும் ஒரு வார்த்தை கேளுங்க."

மருத்துவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். அவர் அந்தப் பெண்ணிடம் கேட்கும்வரை நான் கதவைச் சாத்தவில்லை.